நர்ஸுக்கு எதற்கு டாக்டர் பட்டம்?

(ஆர்.கே.புரத்தில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வேண்டியது ரேஷன் கார்டு பெயர் சேர்ப்பு பற்றி. அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கும்படி தலைவரிடம் கேட்டுக்கொண்டேன். காரணம் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய மகள் இந்த ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். நம் கண் முன்னால் வளர்ந்த பெண். அவர் சொன்னார்: "அண்ணே, நீங்க சொன்னா பாப்பா கேக்கும். எம்.எஸ்.சி. முடிச்சாச்சு. பர்மனென்ட் வேலை. நாங்க மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம். இது என்னடான்னா டாக்டர் பட்டத்துக்குப் படிக்கணும்னு நிக்குது. நர்ஸுக்கு எதுக்கண்ணே டாக்டர் பட்டம்? நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

சரி, சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன். நான் மெட்ரிக் பாஸ் செய்த ரயில்வே குமாஸ்தா. எம்.எஸ்.சி. படித்த பெண்ணுக்கு நான் என்ன புத்தி சொல்வது? புத்தி சொல்வதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம் என்று அந்தப் பெண்ணிடமே போனேன். பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன். அந்தத் தகப்பனாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். நம்மில் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது.

நான் எழுதிய புகார்

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் என் தாயார் இடுப்பு எலும்பு முறிந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. ராத்திரி நான் துணைக்கு இருந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும் என்று டாக்டர் பகலில் சொல்லியிருந்தார். ராத்திரி பத்து மணிக்குப் புரட்டினார்கள். அதற்குப் பிறகு விடியற்காலை நான்கு மணி வரை யாரும் வரவில்லை. நான் போய் அந்த நர்ஸம்மாவிடம் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "சார், இன்னிக்கு ராத்திரி எனக்கு நாப்பத்திரண்டு பேஷண்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறொரு படுக்கைக்கு ஓடினார்.

காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த நர்ஸம்மா பெயரில் புகார் எழுதிக் கொடுத்தேன். எனக்கு மனு எழுதத் தெரியும், அதுதான் என் தொழில். நறுக்கென்று எழுதினேன். அவருக்கு மெமோ கொடுக்கப்பட்டது. அம்மா தேறி வீட்டுக்கு வந்தார். நானும் ஏதோ நியாயத்தை நிலைநாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் நம் பெண்ணிடம் பேசும்போது, ஆராய்ச்சிக்கு என்ன பொருள் எடுக்கப்போகிறாய் என்று கேட்டேன். "படுக்கைப் புண், மாமா" என்றாள். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். நாற்பத்திரண்டு பேர் உள்ள வார்டில் ஒன்பது பேர் தாமாகத் திரும்ப முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும். முதுகைத் துடைத்து, விரிப்பைச் சரிசெய்து, தலையணை அண்டக் கொடுத்துப் படுக்க வைக்கப் பத்து நிமிஷம். ஒன்பது பேருக்குத் தொண்ணூறு நிமிஷம். இரண்டு மணி நேரம் என்பது நூற்றிருபது நிமிஷம். மிச்சம் முப்பது நிமிஷத்தில் மீதி முப்பத்து மூன்று பேருக்கும் ஊசி, மாத்திரை, சலைன், ரத்த அழுத்தம், புதிதாக வரும் கேஸ், எழுத வேண்டிய ரெஜிஸ்டர். "மாமா, இது செய்ய முடியாத வேலை. ஆனா செய்யலைன்னா மெமோ நர்ஸுக்குத்தான் வரும்" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ரயில்வேயில் இரட்டை டியூட்டியை எதிர்த்து எத்தனையோ மனு எழுதியவன் நான். ஓட்டுநர் தூங்கிவிட்டால், அவரைப் பதினாறு மணி நேரம் ஓட்ட வைத்தது யார் என்று கேட்பவன். அதே கேள்வியை ஆஸ்பத்திரியில் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு நர்ஸ் என்று முடிவு செய்தவரின் பெயரில் நான் புகார் எழுதவில்லை. அகப்பட்டவர் பெயரில் எழுதினேன்.

அந்த எண்ணை முடிவு செய்வது யார்? இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், விடுப்பில் போகிறவர்களுக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள். இது காகிதத்தில் உள்ளது. வார்டில் எத்தனை பேர் என்பது ஒரு மேஜையில் முடிவாகிறது. நிதி அதிகாரி உட்காருகிறார், மருத்துவ அதிகாரி உட்காருகிறார், செயலகத்து அதிகாரி உட்காருகிறார். நர்ஸ் உட்காருகிறாரா? உட்கார்ந்தாலும் அவர் சொல் செல்லுகிறதா? தோழர்களே, டாக்டர் பட்டத்தின் கேள்வி இங்கேதான் இருக்கிறது.

விளக்கை வைத்துக்கொண்டோம், கணக்கை விட்டுவிட்டோம்

நர்ஸ் என்றதும் எல்லோரும் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரைச் சொல்கிறார்கள். கையில் விளக்குடன் ஒரு படம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1854-ல் கிரிமியப் போரின்போது அந்த அம்மையார் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். சிப்பாய்கள் குண்டு பட்டுச் செத்ததைவிடக் காலரா, பேதி, ஜுரம் என்று நோயில் செத்ததுதான் அதிகம். அவர் செத்தவர்களை எண்ணினார், காரணம் வாரியாகப் பிரித்தார், படம் வரைந்து மந்திரிகள் முன் வைத்தார். சாக்கடையும் நெரிசலும்தான் கொல்கின்றன என்று எண்களால் நிரூபித்தார். லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர். இந்தியாவுக்கு வராமலே இங்குள்ள ராணுவ முகாம்களின் விவரங்களைத் தருவித்துப் படித்து, அவற்றின் சுகாதாரக் கேட்டை எடுத்துக்காட்டியவரும் அவரே. 1860-ல் அவர் பெயரால் லண்டனில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

விளக்கு ஒரு ராத்திரி ஒரு வார்டுக்கு வெளிச்சம் கொடுத்தது. கணக்கு ராணுவ ஆஸ்பத்திரிகளின் முறையையே மாற்றியது. நமக்கு விளக்கை மட்டும் காட்டி, "தேவதை, தியாகி" என்று பாராட்டி, மே 12-ஆம் தேதி ஒரு ரோஜாப்பூக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தியாகிக்குச் சம்பள உயர்வு கேட்கும் உரிமை இல்லை அல்லவா!

இன்னொரு நர்ஸைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் லிண்டா ஏக்கன் என்பவர். நர்ஸாகத் தொடங்கி டாக்டர் பட்டம் பெற்றவர். அவரும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளியைக் கூடுதலாகச் சேர்த்தால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் 7 சதவீதம். "வேலைப்பளு அதிகம்" என்று சங்கம் சொன்னால் அது முணுமுணுப்பு. "இத்தனை உயிர் போகிறது" என்று கணக்கோடு சொன்னால் அதை ஒதுக்கித் தள்ள முடியாது.

கணக்கு மட்டும் போதுமா என்றால் போதாது. கலிபோர்னியாவில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்ற சட்டம் 1999-ல் நிறைவேறியது, 2004-ல் அமலுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது நர்ஸ்களின் சங்கம் தெருவில் நின்று நடத்திய போராட்டம். முதலாளிகள் விடவில்லை, இதனால் என்ன பயன் என்று கேட்டார்கள். 2010-ல் அதே லிண்டா ஏக்கன் குழு கலிபோர்னியாவை மற்ற இரண்டு மாநிலங்களோடு ஒப்பிட்டு, ஆள் கூடிய இடத்தில் சாவு குறைகிறது என்று காட்டியது. சங்கம் ஒரு கை, ஆராய்ச்சி ஒரு கை. இரண்டும் சேர்ந்தால்தான் ஓசை.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1973-ல் என்ஜின் ஓட்டும் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்து பத்து மணி நேர டியூட்டி என்ற உறுதியைப் பெற்றார்கள். பதினான்கு, பதினாறு மணி நேரம் என்று தாங்கள் உழைத்த கணக்கைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

இரண்டு பட்டங்கள்

இப்போது பட்டத்துக்கு வருவோம். நர்ஸிங்கில் டாக்டர் பட்டம் உலகத்தில் இரண்டு வகை. ஒன்று பிஎச்.டி. இது ஆராய்ச்சிப் பட்டம், இதுவரை யாரும் அறியாததைக் கண்டு சொல்வது. இன்னொன்று அமெரிக்காவில் வளர்ந்த நர்சிங் நடைமுறை டாக்டர் பட்டம். கண்டறிந்ததை வார்டுக்குக் கொண்டுவருவது எப்படி, ஒரு ஆஸ்பத்திரியை நடத்துவது எப்படி, செலவுக் கணக்கு, சட்டம், நோயாளி பாதுகாப்பு ஆகியவற்றைப் படித்துத் தலைமைப் பொறுப்புக்குத் தயாராவது. இதற்கு இளங்கலைக்குப் பிறகு மொத்தம் 1,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி வேண்டும் என்று அங்கே வகுத்தார்கள். 2004-ல் அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம், உயர்நிலை நர்ஸ்களுக்கு இந்தப் பட்டமே அடிப்படையாக வேண்டும், 2015-க்குள் மாறிவிட வேண்டும் என்று தீர்மானித்தது. எல்லோரும் மாறிவிடவில்லை, முதுகலையோடு வேலைக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் ஆக வேண்டுமானால் 2022 முதல் அங்கே டாக்டர் பட்டப் படிப்பில்தான் சேர முடியும்.

நம் நாட்டில் நர்ஸுக்கு டாக்டர் பட்டம் என்றால் பிஎச்.டி.தான். அதற்கு வந்து சேர்ந்த வழியை ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். 1946-ல் போர் கமிட்டி அறிக்கை கொடுத்தபோது இந்தத் துணைக்கண்டம் முழுவதும் சுமார் 7,000 நர்ஸ்கள். 43,000 பேருக்கு ஒருவர்! அதே 1946-ல் தில்லியிலும் வேலூரிலும் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. தில்லியில் தொடங்கியது இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் லாஜ்பத் நகரில் இருக்கும் கல்லூரி. வேலூரில் தொடங்கியது ஐடா ஸ்கடர் அம்மையார் வளர்த்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். அங்கே 1909-லேயே நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது. ஆக, நர்சிங்கைப் பல்கலைக்கழகப் படிப்பாக்கிய முதல் இரண்டு இடங்களில் ஒன்று நம் ஊர், இன்னொன்று நாம் குடியேறிய ஊர். நமக்கும் இந்தப் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

1959-ல் தில்லிக் கல்லூரியில் முதுகலைப் படிப்பு வந்தது. இன்று தில்லிப் பல்கலைக்கழகம், எய்ம்ஸ், சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று பல இடங்களில் நர்ஸிங்கில் பிஎச்.டி. செய்யலாம். நர்சிங் கவுன்சிலே உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடும் கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து பிஎச்.டி.க்கு ஒரு தேசியக் கூட்டமைப்பை நடத்தியது. ஆராய்ச்சியைவிட வார்டு வேலையில் உயர விரும்புகிறவர்களுக்குத் தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருஷ முதுகலைப் படிப்பையும் கவுன்சில் வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் நடைமுறை டாக்டர் பட்டம் செய்கிற வேலையை இங்கே இந்த இரண்டு படிப்பும் பங்குபோட்டுச் செய்கின்றன என்று சொல்லலாம்.

பெயர்ப் பலகையும் நாற்காலியும்

சில வருஷங்களுக்கு முன் மத்திய அரசு ஸ்டாஃப் நர்ஸ் என்ற பதவிப் பெயரை நர்சிங் ஆபீசர் என்று மாற்றியது. மகிழ்ச்சி. ஆனால் ஆபீசர் என்று சொல்லப்படுபவர் தன் வார்டில் எத்தனை ஆள் வேண்டும் என்று தீர்மானிக்க முடியாவிட்டால் அது வெறும் பலகை.

1987-ல் மத்திய அரசு நர்ஸ்களின் நிலையை ஆராய ஒரு உயர்மட்டக் கமிட்டி போட்டது. அதற்குத் தலைவர் நம் ஊர் சரோஜினி வரதப்பன் அம்மையார், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள். 1989-ல் அறிக்கை வந்தது. நர்ஸ்களை நர்சிங் அல்லாத வேலையில் போடாதே, வேலை நேரத்தைக் குறை, நிர்வாகத்தின் மேல்மட்டத்தில் நர்ஸுக்கு அதிகாரமுள்ள பதவி கொடு என்று எழுதினார்கள். எத்தனை வருஷமாயிற்று! இன்றும் நம் பெண்கள் மருந்துக் கிடங்குக்கும் துணிக் கிடங்குக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் சுகாதாரத் துறையில் உழைப்பவர்களில் 70 சதவீதம் பெண்கள். மேல்மட்டப் பதவிகளில் பெண்கள் 25 சதவீதம். சேவை பெண்ணுடையது, நாற்காலி ஆணுடையது.

நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தில் பரீட்சை எழுதித் தேறி வந்த நர்ஸ்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்திருந்தார்கள். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். இங்கே நமக்குப் பக்கத்திலேயே கிரீன் பார்க்கில் 1908-ல் தோன்றிய இந்தியப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. அந்தச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016-ல் நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், 200 படுக்கைக்கு மேலுள்ளவற்றில் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்றது. பரிந்துரை வந்தது, எல்லா இடத்திலும் சம்பளம் வந்துவிட்டதா என்று தனியாரில் வேலை செய்யும் நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

2023-ல் பழைய 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் எதுவானாலும் அதன் கீழ் நாற்காலிகள் இருக்கும். அந்த நாற்காலிக்குப் போகிறவர் மூத்த படிப்பும் நீண்ட அனுபவமும் காட்ட வேண்டும். அன்றைக்கு நம் பெண்களின் கையில் பட்டம் இல்லையென்றால், "தகுதியான ஆள் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். நம்மைப் படிக்கவிடாமல் வைத்திருந்து பிறகு படிக்கவில்லை என்று ஒதுக்குவது பழைய தந்திரம். நம் பாட்டன் காலத்திலிருந்து பார்த்துவருகிறோம்.

ஏமாறாமல் இருக்க

இந்த இடத்தில் பெற்றோருக்குச் சில நடைமுறை விஷயங்கள்.

டிப்ளமா நர்ஸாக இருந்தாலும் கதவு மூடவில்லை. இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்.சி. படித்து, பிறகு எம்.எஸ்.சி. போகலாம். பிஎச்.டி.க்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நுழைவுத் தேர்வும் நேர்முகமும் இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று வருஷம் ஆகும். வேலையிலிருந்துகொண்டே பகுதி நேரமாகவும் செய்யலாம்; அதற்கு நிர்வாகத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருஷ அவகாசமும், பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. ஆகவே "கல்யாணமா, படிப்பா" என்று பெண்ணைச் சுவரோரம் நிறுத்தத் தேவையில்லை. இரண்டுக்கும் விதியில் இடம் இருக்கிறது. நம் மனத்தில்தான் இடம் வேண்டும்.

அடுத்தது எச்சரிக்கை. வீட்டிலிருந்தபடியே ஒரு வருஷத்தில் வெளிநாட்டு டாக்டர் பட்டம் என்று போன் வரும். தபால் வழியிலோ ஆன்லைனிலோ மட்டும் செய்யும் பிஎச்.டி. இங்கே செல்லாது. தனியார் கம்பெனிகள் வெளிநாட்டுக் கல்லூரிகளோடு சேர்ந்து விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.யை நம்ப வேண்டாம் என்று 2022-ல் மானியக் குழுவே எச்சரித்தது. பணம் கட்டும் முன் நம் சங்கத்துக்கு வாருங்கள். பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துச் சொல்ல இப்போது நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அப்புறம் ஒன்று. அந்தப் பெண்ணிடமும் இதைச் சொன்னேன். பட்டம் வாங்கி, வார்டை மறந்து, குளிர்பதன அறையில் உட்கார்ந்து கீழே இருக்கும் நர்ஸுக்கு மெமோ எழுதும் இன்னொரு அதிகாரியாக நீ ஆவதானால் அந்தப் பட்டம் நமக்கு வேண்டாம். ரயில்வேயில் அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். நேற்று வரை கோஷம் போட்டவன் பதவி உயர்வு வந்ததும் முகம் தெரியாதவனாகிவிடுகிறான். அவள் சிரித்தாள். "மாமா, நான் நைட் டியூட்டி எண்ணத்தான் போறேன். எண்ணணும்னா நைட் டியூட்டியில நிக்கணுமே" என்றாள். அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்

தாய்மார்களே, இந்த ஏணியின் மேல்படியைப் பற்றி இவ்வளவு பேசினேன். கீழ்படி நம் வீட்டில் இருக்கிறது. 2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். நகரத்தின் வடகோடி. தாய்க்கு வீட்டு வேலை தூரமாயிற்று, பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி தூரமாயிற்று. பிளஸ் டூவில் உயிரியல் எடுக்க வேண்டிய பெண் பள்ளியை விட்டு நின்றுவிட்டால் அவளுக்கு நர்சிங் கல்லூரியும் இல்லை, டாக்டர் பட்டமும் இல்லை. குடியிருப்புப் போராட்டமும் படிப்புப் போராட்டமும் வேறு வேறு அல்ல.

நம் சங்கம் செய்ய வேண்டியதாக நான்கு காரியங்களைத் தீர்மானமாக முன்வைக்கிறேன்.

ஒன்று, தில்லி ஆஸ்பத்திரிகளில் நோயாளி–நர்ஸ் விகிதத்தை ஒவ்வொரு வார்டின் வாசலிலும் எழுதிப்போட வேண்டும் என்று சுகாதார அமைச்சருக்கு மனு. ரயில் நேரத்தை எழுதிப்போடும் நாட்டில் இதையும் எழுதலாம்.

இரண்டு, மேல்படிப்புக்குப் போகும் நர்ஸுக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, அவர் இடத்துக்குப் பதில் ஆள் என்ற கோரிக்கையில் நர்ஸ் சங்கங்களோடு சேர்ந்து நிற்பது. பதில் ஆள் இல்லாத விடுப்பு சக நர்ஸின் முதுகில் ஏறும்.

மூன்று, பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் எடுக்கும் நம் பெண்களுக்கு ஞாயிறுதோறும் இந்த அறையில் பாடம். சொல்லித்தர நம் நர்ஸ் பெண்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

நான்கு, ஆஸ்பத்திரியில் குறை கண்டால் எந்த உறுப்பினரும் தனி நர்ஸின் பெயரில் அவசரப்பட்டுப் புகார் எழுதக் கூடாது. முதலில் அந்த ராத்திரி அவருக்கு எத்தனை நோயாளி என்று கேட்டு எழுத வேண்டும். இது எனக்கு நானே போட்டுக்கொள்ளும் விதி. அந்த நர்ஸம்மாவைத் தேடிப் போனேன். வேறு இடத்துக்கு மாற்றலாகிவிட்டார் என்றார்கள். கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

கடைசியாக, என்னிடம் புத்தி சொல்லச் சொன்ன அண்ணனுக்கு. அவர் இங்கேதான், பின்னால் தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, உங்கள் மகளிடம் பேசினேன். புத்தி எனக்குத்தான் வந்தது. அவள் படிக்கட்டும். மாப்பிள்ளை பார்க்கும்போது இந்தப் படிப்புக்குச் சம்மதிக்கிற வீடாகப் பாருங்கள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து அவள் புத்தகத்தை எடுக்கும்போது சமையலறையில் உங்கள் மகன் நிற்கட்டும். நாளைக்கு நீங்களோ நானோ படுக்கையில் விழும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நம்மைப் புரட்டிப் போட வார்டில் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளைக் கணக்குப் போட்டுக் கேட்டு வாங்கப்போகிறவள் அவள்.

ரேஷன் கார்டு விஷயம் அடுத்த மாதம். எல்லோரும் பழைய கார்டின் நகலையும் ஆதார் நகலையும் எடுத்து வாருங்கள்.